சுவர் கடைசியாக வந்தது: ஒரு சிற்றூர்ச் சிறை கட்டப்பட்ட விதம்

1825 ஏப்ரலில் ‘ஹொரேஷியோ’ என்ற பாய்க்கப்பல் சிங்கப்பூரில் நங்கூரமிட்டது. இறங்கியவர்கள் 80 பேர். மெட்ராஸ் மாகாணத்தில் தண்டனை பெற்று, தீவாந்தரமாகச் சுமத்ராவின் பென்கூலனுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள். முந்தைய ஆண்டு பிரிட்டனும் ஹாலந்தும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கிருந்த கைதிகளை எங்காவது கொண்டுபோயாக வேண்டும். ஒரே வாரத்தில் வங்காளத்தைச் சேர்ந்த இன்னும் 122 பேர் வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் கால்வைத்து ஆறே ஆண்டுகள் ஆன ஊர் இது. 200 பேரை அடைத்துவைக்கும் அளவுக்கு இங்கே சிறை ஏது? பிராஸ் பாசா ஓடைப் பக்கம் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கவைத்தார்கள். செங்கல் சுவருடன் அங்கே சிறை எழத் தொடங்கியது 1841இல்தான்.

பதினாறு ஆண்டுகள் சுவர் இல்லாமலே ஒரு சிறை நடந்திருக்கிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் சிறைக் கட்டடம் என்றால் என்ன என்பது பாதி விளங்கிவிடும். ஓர் ஆளை ஓடவிடாமல் வைத்திருக்கும் வேலையைக் கடல் செய்யலாம், காலில் கிடக்கும் சங்கிலி செய்யலாம், பக்கத்தில் நிற்கும் காவலாள் செய்யலாம், சுவரும் செய்யலாம். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவற்றின் பாரம் கூடும். எந்தச் சிறையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இங்கே எந்த வேலையைக் கட்டடம் செய்கிறது, எந்த வேலையை மனிதன் செய்கிறான்?

தொடக்ககாலச் சிங்கப்பூரில் பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள் மனிதர்கள், அவர்களும் கைதிகளே. நன்னடத்தை உள்ளவர்களைப் பொறுக்கி எடுத்து, மற்றக் கைதிகளுக்குக் காவலாளாகவும் மேஸ்திரியாகவும் நியமித்தார்கள். எல்லாரும் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். முதல் வகுப்பினருக்கு வெளியே தங்கிப் பிழைக்க அனுமதிச் சீட்டு. இரண்டாம் வகுப்பில் கைதிக் காவலர்களும், மருத்துவமனை, அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்புக்குச் சாலை வேலையும் கட்டட வேலையும். புதிதாக வந்தவர்கள் நான்காவதில், அடங்காதவர்கள் ஐந்தாவதில், முதியோரும் நோயாளிகளும் பெண்களும் ஆறாவதில். ஒழுங்காக இருந்தால் மேலே ஏறலாம், தவறினால் கீழே இறங்க வேண்டும். ஓடிப்போவதைவிடப் படியேறுவது லாபம் என்று ஆளுக்குத் தோன்றவைத்த ஏற்பாடு இது. மலாய்க்காரர்கள் இவர்களை ‘ஓராங் ரந்தாய்’ என்றார்கள், சங்கிலி மனிதர்கள் என்று பொருள். அந்தச் சங்கிலியும் வகுப்பைப் பொறுத்துக் கனத்தது, இலேசானது, இல்லாமலும் போனது.

அப்படியிருக்க எதற்குச் சுவர்? ஓட்டத்தைத் தடுப்பதைவிட, எண்ணிக்கையை எளிதாக்குவதே சிறைச் சுவரின் முதல் வேலை என்பது எங்கள் கருத்து. ஒரே வாசல் இருந்தால் மாலையில் திரும்புகிறவர்களை ஒருவன் நின்று எண்ணிவிடலாம். உள்ளே பட்டறையின் உளியும் சுத்தியலும் எத்தனை என்பதும் கணக்கில் நிற்கும்.

நிலம் பார்ப்பது

‘பிராஸ் பாசா’ என்றால் மலாயில் ஈர அரிசி. பெயரே மண்ணின் இலட்சணத்தைச் சொல்லிவிடுகிறது: ஓடையும் கடலோதமும் சேர்ந்த ஈர நிலம். இன்று அந்த ஓடை ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாக மண்ணுக்கடியில் ஓடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் செங்கல் சுவர் எழுப்புகிறவர் முதலில் பாரத்தைக் கணக்கிட வேண்டும்.

கற்பனைக்கு ஒரு சிற்றூர்ச் சிறையை எடுத்துக்கொள்வோம். மதிலின் நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர், சுற்றளவு 200 மீட்டர். உயரம் 5 மீட்டர். கீழ்ப்பாதி இரண்டரைச் செங்கல் கனம், அதாவது ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். மேல்பாதி ஒன்றரைக் கல், 34 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு 2.3 கன மீட்டர் கட்டு வரும். எடை 4 டன்னுக்கு மேல். இந்த 4 டன்னும் அரை மீட்டர் அகலக் கீற்றில் இறங்கினால் களிமண் பிதுங்கி வெளியே வரும். அதனால் அடிப்பகுதியை அகலப்படுத்துவார்கள், அதற்குப் பெயர் அகலக்கால். ஒவ்வொரு செங்கல் வரியிலும் இரண்டு பக்கமும் கால் கல் அளவு, 57 மில்லிமீட்டர், நீட்டிக்கொண்டே கீழே போனால் ஐந்து வரியில் சுவரின் கனம் இரட்டிப்பாகிவிடும். அகலக்காலின் அகலம் சுவரின் கனத்தைப்போல் இரு மடங்கு என்பது பழைய கொத்தனார் கணக்கு.

ஈர மண்ணுக்கு அது மட்டும் போதாது. இந்தத் தீவில் அதற்கு இருந்த மருந்து பக்காவ் மரம். சதுப்பு நிலக் காட்டில் வளரும் அலையாத்தி இனம். நேராக வளர்ந்த கழிகளைச் சீவி, நெருக்கமாக மண்ணுக்குள் அடித்து இறக்கி, அவற்றின் தலைமீது அகலக்கால் போடுவார்கள். பக்காவ் கழி முழுக்கத் தண்ணீருக்கடியில் இருக்கும்வரை காலகாலத்துக்கும் தாங்கும். காற்றுப் படாத இடத்தில் பூஞ்சைக்கு வேலையில்லை. ஆபத்து நீர்மட்டம் இறங்கும்போதுதான். பக்கத்தில் ஆழமாகக் கால்வாய் வெட்டினாலோ பெரிய கட்டடத்துக்கு நிலவறை தோண்டினாலோ கழியின் தலை காய்ந்து உளுத்துப்போகும். நூறு ஆண்டு அசையாமல் நின்ற சுவர் அடுத்த ஐந்து ஆண்டில் சாய்ந்தால் காரணத்தைச் சுவரில் தேடிப் பயனில்லை, பக்கத்து மனையில் தேட வேண்டும்.

சுண்ணாம்புக் கம்பம்

சிராங்கூன் சாலைப் பகுதிக்கு அன்றைய தமிழர்கள் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். கம்பம் என்பது மலாயிலிருந்து வந்த சொல், ஊர் என்று பொருள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோவிலையே சுண்ணாம்புக் கம்பம் கோவில் என்றுதான் சொல்வார்கள். சிமெண்டு வருவதற்கு முன் இந்த ஊரை ஒட்டவைத்த பசை அங்கேதான் வெந்தது.

காளவாயில் நடப்பது என்ன? கிளிஞ்சலும் பவளக்கல்லும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். விறகோடு அடுக்கி 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி, 18 கிலோ நீரைக் குடித்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் இதே வழியில் வந்ததுதான். பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, மறுபடி கல்லாகிறது. கல் பொடியாகி, பொடி திரும்பக் கல்லாவது. அவ்வளவுதான் சுண்ணாம்புக் காரையின் சூத்திரம்.

இரண்டு இடத்தில் இது காலைவாரும். முதலாவது, கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை நல்ல தண்ணீரில் அலசாமல் சுட்டால் உப்பும் கூடவே சுவருக்குள் போய்விடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், சுவர் எந்நாளும் பிசுபிசுத்துக் கிடக்கும். இரண்டாவது, நீற்றும்போது நீறாமல் தங்கிய கட்டிகளைச் சலித்து எடுக்காவிட்டால் அவை சுவருக்குள் போய், பல மாதம் கழித்து ஈரம் பட்டு ஊதி, பூச்சைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பொரிமாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழுந்த சுவரைப் பார்த்தால் காரணம் இதுதான். அவசரப்படாமல் நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் ஈரமாகவே வாரக்கணக்கில் ஊறப்போடுவது அதற்காகத்தான்.

கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தூய்மையானது. தூய்மை எப்படிக் குறையாகும் என்று கேட்கலாம். காற்றுப் பட்டால்தான் தூய சுண்ணாம்பு இறுகும். இரண்டரைக் கல் கனமுள்ள சுவரின் நடுவே காற்றுப் போய்ச் சேர ஆண்டுக்கணக்காகும், ஈர அடித்தளத்திலோ போகவே போகாது. அதற்குத் தீர்வு சுர்க்கி, அதாவது செங்கல் பொடி. வெந்த களிமண்ணில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து, காற்று இல்லாமலே ஈரத்திலும் இறுகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு சுர்க்கி என்பது புழக்கத்தில் இருந்த அளவு. கருகிக் கண்ணாடிபோல் ஆன கல்லைப் பொடித்தால் அது வெறும் மணலுக்குச் சமம், வினை நடக்காது. மிதமாக வெந்த கல்தான் வேண்டும். ஆட்டுச் செக்கில் போட்டு வெண்ணெய்போல் அரைத்த காரைக்கும் மண்வெட்டியால் புரட்டிய காரைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

நம் கற்பனைச் சிறையின் மதிலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு ஆகும்? 200 மீட்டருக்கு 460 கன மீட்டர் கட்டு. அதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக, ஏறத்தாழ 130 கன மீட்டர் காரை. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 45 டன் கிளிஞ்சல் அல்லது பவளக்கல் சுட வேண்டியிருக்கும். வெறும் மதிலுக்கு மட்டும் இவ்வளவு. சுண்ணாம்புக்கென்றே ஓர் ஊர் உருவானதில் வியப்பில்லை.

முட்டை யாருக்கு, வெள்ளையடிப்பு யாருக்கு

செட்டிநாட்டு வீடுகளின் முட்டைக் காரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே கைப்பக்குவம் இங்கேயும் வந்தது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் இப்போதைய கட்டடத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டினார்கள், 1862இல் அது புனிதப்படுத்தப்பட்டது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். கைதிகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் பொறுப்பாக இருந்த மெட்ராஸ் பீரங்கிப் படை அதிகாரி மெக்னேர், உள்சுவர்ப் பூச்சின் செய்முறையைப் பின்னாளில் எழுதிவைத்தார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டையின் வெள்ளைக்கருவையும் நாட்டு வெல்லத்தையும் அடித்துக் கூழாக்கிக் கொள்ள வேண்டும். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் இவற்றைக் குழைத்துப் பூச வேண்டும். காய்ந்த பிறகு படிகக் கல்லாலோ உருண்டைக் கூழாங்கல்லாலோ தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடி தூவினால் சுவர் பளிங்குபோல் மின்னும்.

வெள்ளைக்கருவின் புரதம் பிணைக்கும், தண்ணீரை ஒட்டவிடாது. வெல்லம் கலவையை நெகிழ்வாக வைத்து, தேய்க்க நேரம் கொடுக்கும். வெல்லம் கூடினால் பூச்சு இறுகவே இறுகாது, கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சிறைச் சுவருக்கு யார் முட்டை கொடுப்பார்கள்? அங்கே வெறும் வெள்ளையடிப்புதான். ஆனால் அதைச் சிக்கனம் என்று மட்டும் நினைக்கக்கூடாது. புதுச் சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உள்ளது, கிருமி தங்காது. நூறு பேர் ஒரே கூடத்தில் படுத்துறங்கும் இடத்துக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. வெள்ளைச் சுவரில் செங்கலைச் சுரண்டினால் சிவப்புக் கோடு மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும். இரவில் வெள்ளை மதிலோரம் ஆள் நகர்ந்தால் நிலா வெளிச்சமே போதும். அதனால் வெள்ளையடிப்பதும் காவலில் ஒரு பகுதி.

செங்கல்

1858இல் சிராங்கூன் சாலையில் கைதிகளுக்கென்றே செங்கல் சூளை தொடங்கியது. அங்கு செய்த கல் 1867இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. இந்த மழை ஊரில் அது சாதாரண வேலையில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடத்தில் பச்சைக் கல்லைத் திறந்தவெளியில் உலர்த்த முடியாது. கூரைக்கடியில் அடுக்கி, காற்று புகும்படி இடைவெளி விட்டு, ஒன்றிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கும்போது சூளையில் ஏற்றினால் ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும். அச்சும் அளவில் பெரிதாக இருக்க வேண்டும், உலர்ந்து வேகும்போது கல் பத்தில் ஒரு பங்குவரை சுருங்கும்.

நல்ல கல்லைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் வேகாதது. நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக்கூடாது. 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்ற அளவுக் கல் காரையோடு சேர்த்து ஒரு கன மீட்டருக்கு 500 பிடிக்கும். நம் மதிலுக்கு 2,30,000 கல். உடைந்தது, வளைந்தது எல்லாம் கழித்துப் பார்த்தால் 2,50,000 கல் சுட்டு வைக்க வேண்டும்.

கட்டும் முறைக்கு வருவோம். ஒரு வரியில் கல்லை நீளவாக்கில் வைத்தால் அடுத்த வரியில் அகலவாக்கில் வைத்துச் சுவருக்குள் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் கனமான சுவர் நடுவில் பிரிந்து இரண்டு தோலாக நிற்கும். சிறைக்கு இந்தக் கட்டு இன்னும் முக்கியம், வெளித்தோலில் ஒரு கல்லைப் பெயர்த்தாலும் உள்ளே நீண்டிருக்கும் கல் வழிவிடாது. கல்லைக் கட்டுமுன் தண்ணீரில் நனைத்தே ஆக வேண்டும். உலர்ந்த கல் காரையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் காரை மாவாக உதிரும். ஒரு நாளில் 1 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, கீழ்க் காரை இறுகுமுன் மேலே பாரம் ஏறினால் சுவர் வயிறு தள்ளும். ஒரு கொத்தனார் நாளைக்கு 1.25 கன மீட்டர் கட்டினால், 12 பேர் ஒரு மாதத்தில் இந்த மதிலை முடிக்கலாம். தூக்குக்குண்டைத் தினமும் போட்டுப் பார்க்க வேண்டும். கூரையும் குறுக்குச் சுவரும் இல்லாமல் தனியாக நிற்கும் சுவர் என்பதால், ஓர் அங்குலம் சாய்ந்தாலும் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

தாங்கலுக்கு முட்டுத்தூண் வைப்பார்கள். வீட்டு மதிலில் அதை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான். சிறையில் வெளிப்பக்கம் மட்டுமே. உள்ளே வைத்தால் முதுகை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் ஊன்றி ஏற அதுவே ஏணி. அதே காரணத்தால் மதிலை ஒட்டி மரம், கழிப்பறைக் கூரை, தண்ணீர்த் தொட்டி எதுவும் இருக்கக்கூடாது. மதிலின் தலையை உருண்டையாக முடிப்பதும் பிடி கிடைக்காமல் இருக்கத்தான், மழைநீர் தேங்காமல் வழிந்துபோவது கூடுதல் லாபம்.

கம்பி

சிறைக்குப் போவதைத் தமிழில் ‘கம்பி எண்ணுவது’ என்கிறோம். அந்தக் கம்பியைச் சரியாகப் பொருத்துவது பலர் நினைப்பதைவிட நுட்பமானது. ஓர் அங்குலத் தடிமனுள்ள இரும்பை 4 அல்லது 5 அங்குல இடைவெளியில் நிறுத்துவார்கள். தலை நுழையாத இடத்தில் உடல் நுழையாது என்பதுதான் கணக்கு. ஆனால் செங்குத்துக் கம்பி மட்டும் இருந்தால் துணியை முறுக்கிக் கட்டி இரண்டு கம்பியை அகட்டிவிடலாம். அதனால் முக்கால் முழத்துக்கு ஒன்றாகக் குறுக்குப் பட்டை, அதில் துளையிட்டுக் கம்பியைச் செருக வேண்டும்.

கம்பியின் நுனியைச் செங்கலில் பதித்தால் அடித்துப் பெயர்த்துவிடலாம். ஜன்னலின் கீழும் மேலும் கருங்கல் வேண்டும். சிங்கப்பூரில் அதற்குப் புலாவ் உபின் என்ற கருங்கல் தீவு இருந்தது. கல்லில் வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் குழி வெட்டி, கம்பியை நிறுத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் உருகுவது 327 பாகையில். குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கும். சூடான கம்பியை விட்டுக் குழியை முதலில் காயவைக்காமல் ஊற்றவே கூடாது. ஈயம் ஆறும்போது சுருங்கும் என்பதால் உளியால் குத்தி இறுக்கினால்தான் வேலை முடிந்தது. இறுக்காமல் விட்ட இடைவெளியில் மழைநீர் தங்கும், இரும்பு துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கருங்கல்லே பிளந்துவிடும்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால் உள்ளே இருப்பவன் எதையாவது முட்டுக்கொடுத்துக் கதவை அடைத்துவிடுவான். தாழ்ப்பாளைக் கதவிலேயே வைக்காமல், கை எட்டாத தூரத்தில் சுவரில் ஒரு மாடம் செய்து அதற்குள் பூட்டை வைப்பது இன்னும் நல்லது. அந்தமான் செல்லுலார் சிறையில் இந்த ஏற்பாட்டை இன்றும் பார்க்கலாம்.

காற்றும் கண்ணும்

பிராஸ் பாசா சிறையில் கைதிகள் படுத்தது நீண்ட கூடங்களில். தனி அறை என்ற எண்ணம் வேறு இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. லண்டனில் 1842இல் பென்டன்வில் சிறை 520 தனி அறைகளோடு திறந்தது. ஒவ்வொன்றும் 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து விசிறிக் காம்புகள்போல் கட்டடக் கிளைகள். நடுக்கூடத்தில் நிற்கும் ஒருவர் எல்லாக் கிளைகளையும் பார்க்கலாம். இங்கே மனிதக் காவலின் வேலையைக் கட்டடமே எடுத்துக்கொள்கிறது.

குளிர்நாட்டில் பிறந்த அந்த வடிவத்தை அப்படியே வெப்ப நாட்டுக்குத் தூக்கிவந்தால் காற்று செத்துப்போகும். இரண்டு பக்கமும் அறை, நடுவில் நடை என்றால் ஓர் அறையின் காற்று எதிர் அறையின் கதவைத் தாண்டித்தான் வர வேண்டும். வராது. அந்தமானில் 1896 முதல் 1906 வரை கட்டியபோது இதை மாற்றினார்கள். ஏழு கிளைகள், ஒவ்வொன்றிலும் ஒரே வரிசை அறைகள், முன்னால் திறந்த தாழ்வாரம், பின்சுவரில் 3 மீட்டர் உயரத்தில் சாளரம். கீழே கதவு வழியாகக் காற்று நுழைந்து, மேலே சாளரம் வழியாக வெளியேறும். ஒரு கிளையின் முகம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி திருப்பி வைத்ததால், எதிரில் இருப்பவனோடு சைகைகூடப் பேச முடியாது. காற்றுக்காகச் செய்த மாற்றம் தனிமையையும் கூட்டியது. கட்டடக்கலையில் இப்படி ஒரு கொடூரமான சிக்கனத்தை அதிகம் பார்க்க முடியாது.

சின்னச் சிறைக்கு விசிறி வடிவமெல்லாம் தேவையில்லை. வாசலும் காவலர் அறையும் ஒரு பக்கம், நடுவில் வெட்டவெளி முற்றம், சுற்றிலும் மதிலைத் தொடாமல் கூடங்கள், மதிலுக்கும் கூடத்துக்கும் நடுவே ரோந்து போக ஒரு பாதை. வாசலில் இரண்டு கதவு, நடுவே ஒரு நடை. ஒன்று மூடிய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். எல்லாரும் மறந்துபோவது சாக்கடை. மதிலுக்கடியில் தண்ணீர் வெளியேறும் வழியில் ஆளும் வெளியேறலாம். வாயில் கம்பி போட்டால் குப்பை அடைத்து, மழையில் முற்றம் குளமாகும். ஒரே அகலமான வழிக்குப் பதிலாக ஆள் நுழையாத சிறு சிறு வழிகள் பல வைத்து, தினமும் ஒருவர் சுத்தம் செய்ய வேண்டும்.

பழுது

பழைய சிறைக் கட்டடம் எதைப் பழுதுபார்த்தாலும் நடக்கிற தவறு ஒன்றே: சிமெண்டு. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், தோல் வழியாக வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் மூச்சு அடைபடும். ஈரம் மேலும் மேலும் ஏறி, உப்பு உள்ளே படிகமாகி, செங்கலை உள்ளிருந்தே அரிக்கும். மேலே பூச்சு முழுசாக இருக்கும், தட்டினால் டொக்கென்று வெற்றோசை கேட்கும். உரித்துப் பார்த்தால் கல் சிவப்புப் பொடியாகக் கொட்டும். செய்ய வேண்டியது, சிமெண்டை உரித்து, சுவரைப் பல மாதம் காயவிட்டு, திரும்பச் சுண்ணாம்புக் காரையே பூசுவது. பொறுமை இல்லாத ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்காது.

அடுத்த எதிரி ஆலும் அரசும். பறவை எச்சத்திலிருந்து மதிலின் விரிசலில் முளைக்கும். இலையைக் கிள்ளினால் வேர் தடித்துக்கொண்டே போகும். விரல் தடிமனாக இருக்கும்போதே வேரோடு எடுக்காவிட்டால் பிறகு சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

அதன் பிறகு

ஊரைக் கட்டியவர்கள் பிராஸ் பாசாவின் உள்ளே இருந்தவர்கள்தான். 1867 முதல் 1869 வரை ஆளுநர் மாளிகையை, இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவை, எழுப்பியதும் அவர்களே. 1873இல் மிச்சமிருந்த கைதிகளை அந்தமானுக்கு மாற்றினார்கள். ஊர்க் குற்றவாளிகளுக்கு 1847இலேயே பேர்ல்ஸ் ஹில் பக்கம் வேறொரு சிறைக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். பின்னாளில் ஊட்ரம் சிறை என்று பேர் பெற்ற அது 1960களில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வீடமைப்புக் கழக அடுக்குமாடிகள் வந்தன.

1936இல் சாங்கி சிறை கான்கிரீட்டும் எஃகுமாக எழுந்தபோது சுண்ணாம்புக் காலம் முடிந்துபோயிருந்தது. 600 பேருக்கென்று கட்டியது. ஜப்பானியர் காலத்தில் ஏறத்தாழ 3,000 குடிமக்களை அதற்குள் திணித்தார்கள். ஐந்து மடங்கு ஆள் புகுந்தால் எந்த வரைபடமும் செல்லாது: ஓர் ஆளுக்கு அளந்த காற்று, ஓர் ஆளுக்கு வைத்த கழிப்பிடம், ஓர் ஆளுக்கு ஓடிய தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் பொய்யாகிவிடும். மதில் மட்டும் 600 பேருக்கும் ஒன்றுதான், 3,000 பேருக்கும் ஒன்றுதான்.

பழைய சாங்கி சிறையை 2004இல் இடிக்கத் தொடங்கியபோது, அதன் வாசல் கதவும், 180 மீட்டர் மதிலும், இரண்டு காவல் கோபுரங்களும் காப்பாற்றப்பட்டன. 2016 பிப்ரவரியில் அவை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. அப்பர் சாங்கி சாலை வடக்கில் பேருந்தில் போகும்போதே அந்த மதில் தெரியும். பிராஸ் பாசாவில் கைதிகளுக்குப் பின்னால் பதினாறு ஆண்டு கழித்து வந்து சேர்ந்த சுவர், சாங்கியில் அறைகள் எல்லாம் போன பிறகும் நின்றுகொண்டிருக்கிறது.